கார்ட்டூன்னா பிள்ளைங்களுக்குத்தான்னு யார் சொன்னது?

போன வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு வந்து சேவை செஞ்ச எல்லாருக்கும் முதல்ல நன்றி. 300 பேருக்கு மேல சாப்பிட்டாங்க. சாம்பார் மட்டும் கடைசி வரிசைக்குப் பத்தல, ரசத்தை வெச்சு சமாளிச்சோம். வரவு செலவு கணக்கைத் தனியா போடுறோம்.

இன்னைக்கு எழுத வந்தது வேற விஷயம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கணும். வாட்சாப் குழுவுல ரெண்டு வாரமா சூடு பறக்குதே, அந்தக் கச்சான் விஷயம்தான். பலர் பாதியைக் கேட்டுட்டு முழுசா பேசுறாங்க. அதனால நடந்ததை நடந்தபடி சொல்லிடலாம்னு நினைக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்புல எந்த சாமிக்கு என்ன படைக்கணும்னு பாடம். சிவனுக்கு வில்வம், பெருமாளுக்கு துளசி, பிள்ளையாருக்கு அருகம்புல். எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. ஒரு பையன், 9 வயசு, கையைத் தூக்கி, "அங்கள், பிள்ளையாருக்கு கச்சான் குடுக்கலாமா, ஜூல யானைக்கு குடுக்குற மாதிரி?"னு கேட்டான். பின்னாடி உட்கார்ந்திருந்த ரெண்டு பெரிய பையனுங்க வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சாங்க. அவங்களுக்கு அது எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியும். விசாரிச்சா, "மஞ்சள் மூஞ்சி ஆள் ஒருத்தன் கடையில இருக்குற பிள்ளையாருக்கு குடுப்பான் அங்கள், கடைக்காரர் கோவிச்சுக்குவார்"னு பையன் விவரமா சொல்றான். அம்மா கைப்பேசியில பார்த்திருக்கான், அதுவும் நம்ம கோயில் மண்டபத்துலேயே, அபிஷேகம் முடியுற வரைக்கும் சத்தம் போடாம இருக்கட்டும்னு குடுத்தப்போ. அந்த அம்மா சுவர் ஓரமா நின்னாங்க. "கார்ட்டூன்தானேன்னு விட்டுட்டேன்"னு சொல்லும்போது குரலே எழும்பல.

அப்போ குருக்கள் ஐயா உள்ளேருந்து வந்தார். என்ன சத்தம்னு கேட்டார். நாங்க தயங்கித் தயங்கி சொன்னோம். அவர் கோபப்படவே இல்ல. "சதுர்த்திக்கு அவல், பொரி, கடலை வெச்சுத்தானே படைக்கிறோம்? நவராத்திரிக்கு கச்சான் சுண்டல் யார் சாப்பிட்டது, நீதானே? தாராளமா குடு. யானைன்னு நினைச்சு வீசாதே, கழுவித் தட்டுல வெச்சுக் குடு"ன்னார். அவ்வளவுதான். பையன் தலையாட்டிட்டு உட்கார்ந்துட்டான். வகுப்பு அதோட முடிஞ்சிருக்கணும்.

ஆனா முடியல. சாயங்காலம் குழுவுல ஆரம்பிச்சது. போலீஸ் புகார் குடுக்கணும்னு ஒருத்தர். மண்டபத்துல கைப்பேசியே கூடாதுன்னு இன்னொருத்தர். அந்த அம்மாவைப் பத்தி எழுதினவங்க எழுதினதை இங்க திருப்பிச் சொல்ல மனசு வரல. 140 செய்தி வந்துச்சு, அதுல ஒருத்தர்கூட அது என்ன நிகழ்ச்சி, யாருக்காக எடுத்தது, அந்தக் காட்சி என்ன சொல்லுதுன்னு கேட்கல.

அது 'தி சிம்ப்சன்ஸ்'. எங்க வீட்டுக்கு அது புதுசு இல்ல. நாம பிறையில ஒரு தொழிற்சாலையில 28 வருஷமா வேலை, இப்போ லைன் சூப்பர்வைசர். இரவு ஷிப்ட் முடிஞ்சு வந்தா தூக்கம் வராது. அப்படி உட்கார்ந்து பார்த்துப் பழகினது. அதுக்கு அப்புறம் பிள்ளைங்க பெரியவங்களாகி, அவங்க பார்க்குறதையும் கூட உட்கார்ந்து பார்த்திருக்கோம். படிச்சது எஸ்.பி.எம். வரைக்கும்தான், சினிமா விமர்சகர் இல்ல. இருந்தாலும் பார்க்காம பேசுறவங்களைவிடக் கொஞ்சம் கூடுதலா தெரியும்.

முதல் விஷயம். படம் வரைஞ்சு எடுத்தா அது சின்னப் பிள்ளைங்களுக்குன்னு நாமதான் முடிவு பண்ணிக்கிட்டோம், எடுத்தவங்க அப்படிச் சொல்லல. நம்ம வயசுக்காரங்க சின்ன வயசுல டிவியில பார்த்த 'ஃபிளிண்ட்ஸ்டோன்ஸ்' ஞாபகம் இருக்கா? கல்லு கார், டைனோசர் வேலைக்காரன். அது 1960-ல அமெரிக்காவுல ராத்திரி நேரத்துல, வேலை முடிஞ்சு வர்ற அப்பா அம்மாவுக்காக ஆரம்பிச்ச தொடர். ஆரம்பத்துல அதுக்கு விளம்பரம் குடுத்தது வின்ஸ்டன் சிகரெட். ஃபிரெட்டும் பார்னியும் வேலை செய்யாம வீட்டுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு சிகரெட் பிடிக்கிற விளம்பரமே உண்டு. அதைத்தான் பின்னாடி சின்னப் பிள்ளைங்க நேரத்துல போட்டாங்க.

சிம்ப்சன்ஸ் தனித் தொடரா வந்தது 1989 டிசம்பர்ல, மேட் குரோனிங்னு ஒருத்தர் உருவாக்கினது. 1997-ல 'சவுத் பார்க்', 1999-ல 'ஃபேமிலி கை'. 2001-ல கார்ட்டூன் நெட்வொர்க்கே ராத்திரியில 'அடல்ட் ஸ்விம்'னு பெரியவங்களுக்குத் தனி நேரம் ஒதுக்கிடுச்சு. அதாவது பகல்ல பிள்ளைங்க பார்க்குற அதே அலைவரிசை, ராத்திரி வேற ஆளுக்கு. 'ரிக் அண்ட் மோர்ட்டி' அங்க 2013-ல வந்தது. அந்தத் தாத்தாவும் பேரனும் போட்ட டீசட்டையை நம்ம பாசார் மாலாம்ல 7 வயசு அளவுலேயே தொங்க விடுறாங்க. அந்தத் தாத்தா குடிகாரர், பேசுற பேச்சு காது குடுத்துக் கேட்க முடியாது. சட்டை வாங்கிக் குடுத்த அப்பாவுக்கு அது தெரியாது.

இதுக்காக எல்லாமே அசிங்கம்னு சொன்னா அதுவும் பொய். சிம்ப்சன்ஸை எடுத்துக்கங்க. ஹோமர்னு ஒரு அப்பா. அணு மின்நிலையத்துல பாதுகாப்பு ஆய்வாளர். வேலை நேரத்துல தூங்குவார், டோனட் சாப்பிடுவார், எச்சரிக்கை விளக்கு எரிஞ்சா எந்தப் பொத்தானை அழுத்தணும்னு தெரியாது. பாதுகாப்புக் குழுவுல இருக்குற நமக்கு அதைப் பார்த்தா முதல்ல சிரிப்பு வரும், அப்புறம் வயித்தைக் கலக்கும், ஏன்னா அந்த ஆளை நாம எல்லா ஷிப்ட்லயும் பார்த்திருக்கோம்.

1997 மே மாசம் வந்த ஒரு பாகம் இருக்கு, ஃபிராங்க் கிரைம்ஸ்னு புதுசா ஒரு தொழிலாளி வர்றது. நாலு வயசுல அப்பா அம்மா விட்டுட்டுப் போன ஆள். சின்ன வயசுலேருந்து உழைப்பு, ஒரு விபத்துல அடிபட்டு, தபால் வழியில படிச்சு முன்னுக்கு வந்தவர். குடியிருக்குறது ஒரு பௌலிங் கூடத்துக்கு மேல, இன்னொரு பௌலிங் கூடத்துக்குக் கீழ. இவர் ஹோமரைப் பார்க்குறார். ஒண்ணும் தெரியாத ஆளுக்கு பெரிய வீடு, குடும்பம், ரெண்டு கார். ஒரு தடவை ஹோமர் தெரியாம அமிலத்தைக் குடிக்கப் போக, கிரைம்ஸ் பாய்ஞ்சு தட்டிவிட்டுக் காப்பாத்துறார். அமிலம் பட்டு சுவர் கரைஞ்சுபோச்சு. முதலாளி கிரைம்ஸுக்குத்தான் சம்பளத்தைக் குறைக்கிறார். கடைசியில தாங்க முடியாம, ஹோமர் மாதிரியே நடிச்சுக் காட்டுறேன்னு தொழிற்சாலை முழுக்க ஓடி, கையுறை போடாம உயர் அழுத்தக் கம்பியைப் பிடிச்சு அங்கேயே செத்துப்போறார். அடக்கத்துல ஹோமர் தூங்கிக்கிட்டே உளறுறார், எல்லாரும் சிரிக்கிறாங்க. முடிஞ்சது.

அதைப் பார்த்த ராத்திரி நமக்குத் தூக்கமே வரல. 28 வருஷத்துல எத்தனை கிரைம்ஸைப் பார்த்திருக்கோம். சரியா வேலை செஞ்சவன் அப்படியே இருப்பான், சிரிச்சுப் பேசினவன் மேல போவான். குறை எதிர்த்துச் சொன்னவனுக்கு ஓ.டி. வெட்டு. இது எந்தக் கம்பெனின்னு இல்ல, எல்லா இடத்துலயும் நடக்குறதுதான். இந்த மாதிரி ஒரு கதையை 9 வயசுப் பையனுக்குப் போட்டுக் காட்டினா அவனுக்கு ஒரு ஆள் கரண்ட் அடிச்சுச் செத்தது மட்டும்தான் தெரியும், அதுக்குச் சிரிப்பான். 50 வயசுல பார்த்தா வேற தெரியும். பெரியவங்களுக்குன்னு போட்டதுக்கு அர்த்தம் அதுதான். கெட்ட வார்த்தை மட்டும் இல்ல காரணம்.

தொழிற்சாலைன்னு பேச்சு வந்ததால இன்னொன்னும் சொல்லிடுறோம், நம்ம ஆளுங்களுக்குப் பிடிக்கும். சிம்ப்சன்ஸ் கதையும் குரலும் அமெரிக்காவுல, படம் வரையுற வேலை பெரும்பாலும் தென் கொரியாவுல, சியோல்ல இருக்குற ஏகாம்னு ஒரு நிறுவனத்துல. டிசைன் அங்க, அசெம்பிளி இங்க, நம்ம பிறை கதையேதான். 2010 அக்டோபர்ல பேங்க்ஸின்னு சுவர் ஓவியர் ஒருத்தர் இந்தத் தொடருக்கு ஒரு தொடக்கக் காட்சி போட்டுக் குடுத்தார். இருட்டு அறையில ஆசியத் தொழிலாளிங்க வரிசை வரிசையா உட்கார்ந்து சிம்ப்சன்ஸ் படம் வரையுறாங்க, பக்கத்துல எலும்புக்கூடு கிடக்குது. கம்பெனியைக் கேலி பண்றதா நினைச்சாங்க. ஆனா அந்தக் காட்சியை வரைஞ்சு குடுத்ததும் அதே கொரியா ஆளுங்கதான்! அந்த நிறுவனத்தின் தலைவர் நெல்சன் ஷின், எங்க இடம் அப்படி இல்லையேன்னு வருத்தப்பட்டார். நியாயம்தானே. கேலி பண்றவன் பெரிய முதலாளியைக் குறி வெச்சான், அடி விழுந்தது வேலைக்காரன் மானத்து மேல. இதை மனசுல வெச்சுக்கங்க, கீழே மறுபடி தேவைப்படும்.

சவுத் பார்க் வேற மாதிரி. அவங்க ஒரு பாகத்தை ஆறே நாள்ல முடிச்சு ஒளிபரப்பு நேரத்துக்கு அனுப்புவாங்க. அவசர ஷிப்மென்ட் மாதிரி. 2013 அக்டோபர்ல ஒரு நாள் ஸ்டுடியோவுல கரண்ட் போய், முதல் தடவையா தவணை தப்பிப்போச்சு. உற்பத்தியில இருக்குறவங்களுக்கு அந்த வலி புரியும். ஆனா அதுல பேசுற பேச்சுக்கும் சாமி, மதம்னு எதையும் விட்டு வைக்காத கேலிக்கும் நம்ம வீட்டுல இடம் இல்ல. பார்த்தோம், ரெண்டு பாகத்தோட மூடிட்டோம். இது நம்ம முடிவு, உங்க வீட்டுல உங்க முடிவு.

இப்போ கச்சானுக்கு வருவோம்.

அந்தக் காட்சி வர்ற பாகம் 1992 அக்டோபர்ல வந்தது. ஹோமர் தேவாலயத்துக்குப் போக மாட்டேன்னு முடிவு பண்றார். ஊர்ல இருக்குற மத்தவங்க எப்படி சாமி கும்பிடுறாங்கன்னு பார்க்கப் போற மாதிரி கதை. அப்பு கடையில பிள்ளையார் சிலை இருக்கு, ஹோமர் ஒரு கச்சானை நீட்டுறார், என் சாமிக்கு அதெல்லாம் குடுக்காதீங்கன்னு அப்பு சொல்றார். அங்க முட்டாளாத் தெரியுறது யாரு? ஹோமர்தான். பாகத்தோட கடைசியில ஹோமர் வீடு தீப்பிடிக்குது. காப்பாத்துறது பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர், ஒரு யூதர், அப்பு மூணு பேரும். அப்பு அங்க தொண்டூழியத் தீயணைப்பு வீரர். பாதிரியார் அதைப் பாராட்டும்போது இந்துவுக்குப் பேர் தெரியாம 'இதர'ன்னு சொல்லிடுவார். அப்பு உடனே, நாங்க 70 கோடி பேர் இருக்கோமேன்னு கேட்பார். இதை எழுதினவங்களுக்கு நம்மை அவமானப்படுத்தணும்னு எண்ணம் இருந்த மாதிரி எங்களுக்குத் தெரியல. அவங்க ஆளுங்களைத்தான் குட்டுறாங்க. ஒண்ணு மட்டும், நாம பிள்ளையாருக்குக் கடலை படைப்போம்னு எழுதினவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா அந்த ஜோக்கே வந்திருக்காது. குருக்கள் ஐயாவை முன்னாடியே கேட்டிருக்கலாம்.

ஆனா முழுப் பாகத்தையும் பார்த்தாத்தான் இது புரியும். அந்தப் பையன் பார்த்தது அரை நிமிஷத் துண்டு. யாரோ வெட்டி, மேல சிரிப்புச் சத்தம் ஒட்டி அனுப்பின துண்டு. அதுல தீயும் இல்ல, காப்பாத்தினதும் இல்ல. யானைக்கு கச்சான் மட்டும்தான் மிச்சம்.

1997 நவம்பர்ல வந்த இன்னொரு பாகத்துல அப்புவுக்குக் கல்யாணம். நம்ம வழக்கப்படி பெரியவங்க பார்த்து வெச்ச கல்யாணம், மணப்பெண் மஞ்சுளா. ஹோமர் பிள்ளையார் வேஷம் போட்டுக்கிட்டு வந்து கல்யாணத்தைத் தடுக்கப் பார்ப்பார், சொந்தக்காரங்க விரட்டி விடுவாங்க. இது எங்களுக்குப் பிடிக்கல. சாமி வேஷம் போட்டுக் கோமாளித்தனம் பண்றது அங்கே சிரிப்பு, இங்கே உறுத்தல். பிடிக்கலன்னு சொல்றதுக்கு நமக்கு உரிமை இருக்கு. அதே சமயம் அதே அப்புதான் 1995-ல வந்த ஒரு பாகத்துல, சின்னப் பொண்ணு லிசா இறைச்சி சாப்பிட மாட்டேன்னு அழும்போது கூட்டிட்டுப் போய்ப் பொறுமையா பேசுவார். நான் சைவம், ஆனா சாப்பிடுறவங்களை இம்சை பண்றதில்லைன்னு சொல்லிக் குடுப்பார். நம்ம பிள்ளைங்களுக்குக் கார்த்திகை விரதத்துல நாம சொல்றதைவிட அவர் நல்லா சொன்னார்.

சரி, அப்போ பிரச்சனையே இல்லையான்னா, இருக்கு. அது சாமியில இல்ல, குரல்ல. அப்புன்னு பேர் வெச்சது சத்யஜித் ராய் படத்துல வர்ற அப்புவை நினைச்சு. அவ்வளவு பெரிய பேர். ஆனா குரல் குடுத்தது ஹேங்க் அசாரியான்னு ஒரு வெள்ளைக்கார நடிகர், இந்தியன் இப்படித்தான் பேசுவான்னு அவரா இழுத்து இழுத்துப் பேசினது. அந்தக் காலத்துல அமெரிக்க டிவியில இந்திய முகமே அபூர்வம். அதனால அங்க வளர்ந்த நம்ம இந்தியப் பிள்ளைங்க எல்லாம் பள்ளிக்கூடத்துல அப்புவாயிட்டாங்க. ஹரி கொண்டபோலுன்னு ஒரு நகைச்சுவைக் கலைஞர், நியூயார்க்ல வளர்ந்தவர், பெற்றோர் ஆந்திராவுலேருந்து போனவங்க. அவர் 2017-ல இதைப் பத்தியே ஓர் ஆவணப்படம் எடுத்தார். அவர் சிம்ப்சன்ஸை வெறுக்கிறவர் இல்ல, பார்த்து ரசிச்சு வளர்ந்தவர். அதனாலதான் அவர் சொன்னது நின்னுச்சு. தொடர்காரங்க முதல்ல, 2018-ல, ஒரு காட்சியில தோளைக் குலுக்கிட்டுப் போற மாதிரி பதில் சொன்னாங்க. ஆனா 2020 ஜனவரியில அந்த நடிகரே இனி அப்புவுக்குக் குரல் குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டார். அடுத்த வருஷம் வெளிப்படையா மன்னிப்பும் கேட்டார். அப்பு இப்போ கூட்டத்துல ஒருத்தரா பேசாம நின்னுட்டுப் போறார்.

இதுல ஒண்ணைக் கவனிங்க. எரிச்சதும் இல்ல, உடைச்சதும் இல்ல. பார்த்தவர் ஒருத்தர், முழுசா பார்த்தவர், எங்க வலிக்குதுன்னு எடுத்துச் சொன்னார். மூணு வருஷத்துல மாறிச்சு. நம்ம குழுவுல 140 செய்தி போட்டு என்ன மாறிச்சு? அந்த அம்மா ரெண்டு வெள்ளிக்கிழமையா கோயிலுக்கு வரல, அதுதான்.

இன்னொன்னு சொன்னா சிலருக்குக் கசக்கும். பரவாயில்ல, சொல்லித்தான் ஆகணும். நம்ம ஆண்டு விருந்துல இளைஞர்கள் போடுற நகைச்சுவை நாடகத்துல ஒவ்வொரு வருஷமும் ஒரு நேப்பாளக்காரர் வேஷம் வரும். உடைஞ்ச மலாய் பேசுவார், தலையைச் சொறிவார், எல்லாம் தப்பா செய்வார், மண்டபமே சிரிக்கும். நம்ம லைன்ல பாதிப் பேர் நேப்பாளத் தம்பிங்க. அவங்களும் இந்துக்கள், தசாமிக்கு நெத்தியில அரிசியும் தயிரும் சிவப்பும் வெச்சுக்கிட்டு நம்ம கோயிலுக்கே வர்றாங்க. போன வருஷ விருந்துல நாலு பேர் மூணாவது வரிசையில உட்கார்ந்திருந்தாங்க. தமிழ் புரியாட்டியும் தன்னைத்தான் நடிக்கிறாங்கன்னு புரியாதா? ஒரு தம்பி முகத்தைப் பார்த்தோம். சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தான், மத்தவங்க சிரிக்கிறாங்களேன்னு சிரிக்கிற சிரிப்பு. மறுநாள் ஷிப்ட்ல ஒண்ணும் பேசல. அப்புவுக்கு நியாயம் கேட்கிற நாம இந்த வேஷத்தைத் தொடர்ந்து போட முடியுமா? இளைஞர் அணித் தம்பிங்ககிட்ட அப்பவே பேசினோம். "ஜோக்குதானே அங்கள், சீரியஸா எடுக்காதீங்க"ன்னாங்க. இந்த வருஷம் அந்த வேஷம் வேணாம்னு செயலவைக் கூட்டத்துல மறுபடி சொல்லப் போறோம். கேலி பண்ணத்தான் வேணும்னா சூப்பர்வைசரைப் பண்ணுங்க, முன் வரிசையிலேயே உட்கார்ந்து சிரிக்கிறோம்.

அப்புறம் அந்தக் குதிரை. இதைச் சொல்றதுக்கு சம்பந்தப்பட்ட தம்பியிடம் அனுமதி வாங்கிட்டோம், பேர் வேணாம்னார். அன்னதானம் முடிஞ்சு அண்டா கழுவ எப்பவும் முதல் ஆளா நிக்கிறவர். நடுவுல ஏழு எட்டு மாசம் காணோம். குடி. தாமான்ல எல்லாருக்கும் தெரியும், யாரும் அவர்கிட்ட கேட்கல. ஒரு நாள் ராத்திரி நமக்கு ஒரு இணைப்பு அனுப்பி, "அங்கள், இதைப் பாருங்க, அந்தக் குதிரை நான்தான்"னு எழுதியிருந்தார். 'போஜாக் ஹார்ஸ்மேன்', நெட்ஃபிலிக்ஸ்ல 2014-லேருந்து 2020 வரைக்கும் 6 பருவம் வந்தது. குதிரைத் தலை வெச்ச ஒரு பழைய டிவி நடிகர். முன்னாடி பெரிய பேர், இப்போ பெரிய வீட்டுல தனியா உட்கார்ந்து குடிக்கிறார், பக்கத்துல வர்ற எல்லாரையும் காயப்படுத்துறார். முதல் நாலு பாகம் எங்களுக்கு ஒண்ணுமே புரியல. மிருகமும் மனுசனும் கலந்து நடக்குது, பேச்சு வேகம். வீட்டுக்காரம்மா தூங்கிட்டாங்க. ஆனா தம்பிக்காகப் பார்த்தோம், ஷிப்ட் முடிஞ்சு ஒரு நாளைக்கு ரெண்டு பாகமா. கடைசிப் பருவத்துல குதிரை மறுவாழ்வு மையத்துக்குப் போகும். வெளியே வரும். மறுபடியும் விழும். எல்லாம் சரியாப் போச்சுன்னு முடிக்காம விட்டுட்டாங்க. நம்ம தமிழ்ப் படமா இருந்தா அம்மா அழுதவுடனே பாட்டிலை உடைச்சிருப்பான்.

பார்த்து முடிச்சு தம்பியை ரொட்டிக் கடைக்குக் கூப்பிட்டோம். உபதேசம் ஒண்ணும் இல்ல, குதிரையைப் பத்தித்தான் பேசினோம். அது ஏன் அந்தப் பொண்ணுகிட்ட அப்படி நடந்துச்சு, ஏன் மன்னிப்புக் கேட்டும் பத்தல, இதையெல்லாம். தன்னைப் பத்திப் பேச முடியாததைக் குதிரையை வெச்சுப் பேசினார். ரெண்டரை மணி நேரம். கடைசியில மருத்துவமனைக்கு வர்றீங்களா அங்கள், தனியா போக பயமா இருக்குன்னார். போனோம். இப்போ அஞ்சு மாசம் ஆகுது. நடுவுல ஒரு தடவை விழுந்தார், மறுபடி எழுந்தார். நல்லபடியா போகணும், எல்லாரும் வேண்டிக்கங்க.

ஆகவே கைப்பேசியைத் தடை பண்றதுக்கு நாங்க ஆதரவு இல்ல. மூலஸ்தானத்துக்கு முன்னால கூடாது, அது எப்பவும் உள்ள விதி. மண்டபத்துல பிள்ளை கையில குடுக்கும் முன்னாடி என்ன ஓடுதுன்னு ஒரு தடவை பாருங்க, அவ்வளவுதான் கேட்கிறோம். படத்துக்குப் பக்கத்துல 13, 16, 18னு எண் போட்டிருக்கும், அது அலங்காரத்துக்கு இல்ல. சிங்கப்பூர் சொந்தங்களுக்கு என்.சி.16, எம்18, ஆர்21னு வரும். நெட்ஃபிலிக்ஸ்ல பிள்ளைக்குத் தனி சுயவிவரம் போட்டு வயசு வரம்பு வைக்கலாம். உங்க சுயவிவரத்துக்கு 4 இலக்க பின் போட்டுப் பூட்டலாம். குறிப்பிட்ட ஒரு தொடரை மட்டும் பேர் சொல்லி மறைக்கவும் முடியும். 2021-ல டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார் நம்ம நாட்டுக்கு வந்தப்போ, டிஸ்னின்னாலே பிள்ளைங்களுக்குன்னு நினைச்சு நிறைய பேர் அப்படியே குடுத்துட்டோம். அங்கேதான் சிம்ப்சன்ஸும் இருக்கு. அதனால அங்கேயும் பிள்ளைக்குத் தனி சுயவிவரம் போடுங்க. பின் எண்ணா வீட்டு எண்ணையோ கார் எண்ணையோ வைக்காதீங்க, பிள்ளைங்க நம்மைவிடக் கெட்டிக்காரங்க.

ஆனா பின் எண் தடுக்காத இடம் ஒண்ணு இருக்கு. வெட்டி ஒட்டின துண்டு வீடியோ. அதுல வயசும் இருக்காது, பேரும் இருக்காது, அடுத்தது அடுத்ததுன்னு அதுவா ஓடும். அந்தப் பையன் பார்த்தது அப்படி வந்ததுதான். சின்னப் பிள்ளைங்களுக்குன்னு தனியா இருக்குற யூடியூப் கிட்ஸைப் போட்டுக் குடுங்க, இல்ல உப்பின் இப்பின்னை முன்னாடியே இறக்கி வெச்சுக்கங்க. ராஜூ வர்ற பாகமா பார்த்து இறக்குங்க, பிள்ளைங்க சந்தோஷப்படும்.

வர்ற ஞாயிறு காலை 9 மணிக்கு சமய வகுப்பு நடக்கும்போதே பக்கத்து அறையில பெற்றோருக்கு இதைச் செஞ்சு காட்டுறோம். கைப்பேசியும் கடவுச்சொல்லும் கொண்டு வாங்க, கடவுச்சொல் மறந்தவங்க பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க. அண்டா கழுவுற தம்பிதான் சொல்லிக் குடுக்கப் போறார். அந்த அம்மாவை வீட்டுக்கே போய்ப் பார்த்தோம், வர்றேன்னு சொல்லியிருக்காங்க. வந்தா வணக்கம் சொல்லுங்க, கச்சானைப் பத்திப் பேச்சு வேணாம். பையன் சதுர்த்திக்கு அவன் கையாலயே சுண்டல் செய்யணும்னு கேட்டிருக்கான். ஒரு கிலோ கச்சான் உபயம் செய்ய ஏற்கெனவே ஒருத்தர் பேர் குடுத்துட்டார். தேங்காய் திருவ இன்னும் ரெண்டு பேர் வேணும். முடிஞ்சவங்க கீழே பேர் போடுங்க.